காளான் கொட்டகையின் வெள்ளைத் தூசி

பாண்டீஸ்வரிக்கு அண்ணன் விஜய்பாண்டி மேல் இருந்தது சாதாரண ஆத்திரமா? வடுகபட்டியில், அப்பா நிலத்து மூலையில், சிப்பிக் காளான் வளர்க்கக் கொட்டகை போட்டவள் அவள். அவள் பிரசவத்துக்குப் படுத்த மாதத்தில் அண்ணன் பூட்டை மாற்றிவிட்டான். கைப்பிள்ளையோடு வந்து நின்றவளை, “பொட்டப்புள்ளைக்கு நெலத்துல என்ன பாத்தியதை?” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். கொட்டகை திரும்ப வரவேண்டும், அதுவும் அவனே கொண்டுவந்து தரவேண்டும். அன்றிலிருந்து அவள் சோறு தின்றது இந்த நினைப்போடுதான்.

அண்ணன் பேராசைக்காரன். குடையின் விளிம்பு சுருளுமுன் காளானைப் பறித்துவிட வேண்டும். அவனோ எடை கூடட்டும் என்று நன்றாக விரியவிட்டான். ஒருநாள் வலை ஜன்னல் வழியே அவள் எட்டிப் பார்த்தாள். காளான் முளைக்கும் கீழ்வரிசைப் பைகளின்மேல் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசி.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பயிற்சிக்குப் போனபோது மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளில் பொடிப்பொடிச் செல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் நான்கு நான்காக வித்துகள். முற்றினால் கோடிக்கணக்கில் உதிர்ந்து காற்றில் மிதக்கும். அடைத்த கொட்டகைக்குள் தினமும் அதை இழுத்தால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்! சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எதற்குச் சொல்ல வேண்டும்? நல்லா இழுக்கட்டும்.

இழுத்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்? சாயங்காலமானால் காய்ச்சல், இருமல், மூச்சுமுட்டல். சளியைச் சோதித்தவர்கள் டிபி இல்லை என்றார்கள். அவன் பெண்டாட்டி சந்தனம்மாள் ஓடிவந்தாள்.

“ஒங்கண்ணன் மூச்சுவிட முடியாமத் தவிக்கிறாக, பாண்டீசு. என்னன்னே தெரியல.”

“ஏழரைச் சனி நடக்குது மதினி. குச்சனூர் சனி கோயிலுக்குப் போயி எள்ளுத்தீபம் போடச் சொல்லுங்க,” என்றாள் பாண்டீஸ்வரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

சனிக்கிழமை தவறாமல் போனான். காக்காய்க்குச் சோறு வைத்தான். கோயிலில் இருக்கும்வரை மூச்சு லேசாக இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்தால் மறுபடியும் பிடித்தது. கூடப்பிறந்தவளின் வயிற்றெரிச்சல்தான் அங்கே குடியிருக்கிறது என்று அவனே முடிவுகட்டினான்.

இளைத்து, இரைத்து, அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“இந்தாத்தா சாவி. ஒன் சாபம் எனக்கு வேணாம். என் மூச்ச விட்டுரு.”

அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“சாபமும் இல்ல, சனியும் இல்லண்ணே. எல்லாம் காளான் தூசி. விரியவிடாமப் பறிச்சு, மூக்குல துணியக் கட்டியிருந்தா ஒனக்கு ஒண்ணும் வந்திருக்காது.”

விஜய்பாண்டி இரைத்தபடியே கேட்டான்.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“நீ இரும ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே தெரியும்.”