பைலட் அம்மாவைத் தேடி அல் கோருக்கு

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி விமானத்தில் துபாயிலிருந்து தோஹாவுக்குக் கிளம்பினேன். போக வர 740 திர்ஹம். ஒரு தபால் அட்டைக்கு இந்தச் செலவு தேவையா என்று கேட்பவர்கள் என் மனைவி சாந்தியின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு அலமாரி முழுக்க ஜெர்மன் நடிகைகள். சினிமா பேசத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் பெர்லினில் அச்சான அட்டைகள். பழுப்பு நிறம், ஓரத்தில் ஒரு எண், கீழே வெள்ளைச் சாய்வெழுத்தில் பெயர். அவர்களை மொத்தமாக 'என் சக்களத்திங்க' என்பாள் சாந்தி. கிளம்பும்போது இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "போய்ப் புதுசாக் கூட்டிட்டு வாங்க. எடம் பத்தலன்னா நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றாள்.

நான் கூட்டிவரப் போனவள் தோல் தொப்பி போட்டவள். பறக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விமானத்தின் விசிறியில் ஒரு கை வைத்து நிற்பாள். ஒரு படத்தில் விமானியாக நடித்தபோது எடுத்தது. அந்த வரிசையில் என்னிடம் இல்லாத ஒரே அட்டை. பல வருடத் தேடலுக்குப் பிறகு, சேகரிப்பாளர்களின் இணையக் குழு ஒன்றில் ஒரு ஜெர்மன் பொறியாளர் எழுதியிருந்ததைப் படித்தேன். கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை முடித்து ஊர் திரும்பியபோது, தன் அத்தை சேர்த்த அட்டைகளைத் தகர டப்பாவோடு, சாமான் ஏற்ற வந்த தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டாராம். தொழிலாளி பெயர் சின்னத்துரை, சிவகங்கைப் பக்கம். எண் வாங்கிப் பேசினேன். தோல் தொப்பி போட்ட அம்மா இருக்கிறாரா என்றேன்.

"பைலட் அம்மாவா? பத்திரமா இருக்காங்க சார்" என்றார்.

அந்தப் 'பத்திரமா'வை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன். மாற்றாகக் கொடுக்க, என்னிடம் இரட்டையாக இருந்த அட்டைகளில் இருபதை ஒரு ஆல்பத்தில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

தோஹா விமான நிலையத்திலிருந்து, சின்னத்துரையின் தொழிலாளர் கேம்ப் இருக்கும் அல் கோர் அறுபது கிலோமீட்டருக்கு மேல். டாக்சி ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கேம்பில் யாரைப் பார்க்கப் போகிறேன், சொந்தக்காரரோ என்று விசாரித்தார். அட்டை விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒரு படத்தைப் பாக்கவோ பிளேன் ஏறி வந்தனீங்கள்? உங்கட மனிசி நல்ல மனிசி அண்ணை" என்றார். வலப்பக்கம் எங்கோ கடல் இருக்க வேண்டும், புழுதியில் தெரியவில்லை. மீட்டர் 128 ரியால் காட்டியது.

கேம்ப் வாசலில் சின்னத்துரை குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். ராஸ் லஃபானில் சாரம் கட்டுகிற வேலை. நாற்பது வயதிருக்கும். ரூமில் மூன்று அடுக்குக் கட்டில்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைத் தூக்கத்தில் இருந்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டே அட்டைகள். இரண்டிலும் அவள் இல்லை.

"மத்தது எங்க?"

"எழுதிப் போட்டுட்டேன் சார்."

தொண்ணூறு வருடமாக மை படாத அட்டைகள். சின்னத்துரைக்கு என் முகம் புரியவில்லை. சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். மகள் தேன்மொழி காரைக்குடியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது முடித்திருக்கிறாள். ஹாஸ்டலில் போன் கூடாது, தபால் வந்தால் கொடுப்பார்கள். வாரம் ஒரு அட்டை எழுதுகிறார்.

"இங்க கடையில விக்கிற கார்டுல ஒட்டகமும் கட்டடமும்தான் சார். அதப் பாத்து புள்ளைக்கு என்ன ஆகப்போவுது? இவங்கள்லாம் ஜெர்மனில பெரிய படிப்புப் படிச்ச அம்மாங்க. மூஞ்சியப் பாத்தாலே யாரு என்ன வேலைன்னு சொல்லிடலாம். டாக்டரம்மா, ஜட்ஜம்மா, கணக்கு டீச்சர்னு கண்டுபிடிச்சு எழுதுவேன்."

"படிச்சவங்கன்னு எப்படித் தெரியும்?"

"குடுத்தவரு இஞ்சினியராச்சே சார். அவரு வீட்ல வேற யாரு படம் இருக்கும்?"

இவர்கள் சினிமா நடிகைகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் போனில் மனைவியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை, மகள் வீட்டில் இருந்தாள். "பைலட் அம்மா கார்டு போனதுலேருந்து தானும் பைலட் ஆவணும்கறா சார். அவங்க பேரு என்ன, எந்த ஊரு ஏரோப்பிளேன் ஓட்டுனாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அதுல போட்டிருக்கிற எழுத்தெல்லாம் எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீங்க வெவரம் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லிருங்க." போனை என் கையில் திணித்துவிட்டு, டீ வாங்கிவர மெஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திரையில் எண்ணெய் வைத்து வாரிய ஒரு தலை தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பன் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால், ஒரு சினிமா வேடத்தை நிஜமென்று நம்பி ஒரு பெண் படிக்கப் போகிறாள்.

"அங்கிள், அப்பா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லம்மா. டீ வாங்கப் போயிருக்காரு."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க நடிகைதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கூல் லேப்ல பேரப் போட்டுத் தேடிப் பாத்தேன். அந்தப் பேருதான் கார்டுலயே இருக்கே. எல்லாருமே நடிகைதான் அங்கிள். ஜட்ஜம்மாகூட. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்காக உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதுறாங்க."

"அப்ப நீ பைலட் ஆகணும்னு சொன்னது?"

"அது நெசம்தான். அவங்க நடிச்சாங்க. நான் நடிக்கப் போறதில்லயே."

அட்டையை எடுத்து வந்து கேமராவில் காட்டினாள். இத்தனை வருடம் தேடியவளை நான் பார்த்தது அப்படித்தான், ஒரு போன் திரையில், ஓரம் மடங்கி. பிறகு பின்பக்கத்தைத் திருப்பினாள். நீல பால்பாயின்ட் பேனாவில், எழுத்துக் கூட்டி எழுதியது போலிருந்தது: 'இவங்க ஏரோப்பிளேன் ஓட்டுற அம்மா. கண்ணுல பயமே இல்ல பாரு. நீ கணக்குப் பரீட்சைக்குப் பயப்படாத. வேளைக்குச் சாப்பிடு.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எனக்குத் தருவாயா என்று கேட்க மனம் வரவில்லை.

சின்னத்துரை டீயோடு வந்தார். "பேரு சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டாங்கப்பா" என்றாள் தேன்மொழி.

"என்ன பேரு?"

பெயரைச் சொன்னேன். அது மட்டும் முழு உண்மை. சின்னத்துரை அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டு தரமும் வேறு வேறாக வந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத்தில் கிடைத்தால் அவர் யாரிடமாவது கொடுத்துத் தேடிவிடுவார்.

மெஸ்ஸில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். காசு கொடுக்க விடவில்லை. "இன்னும் ரெண்டு கார்டுதான் சார். அப்புறம் கலாஸ். ஜூன்ல ஸ்கூல் தொறந்தா என்னத்த எழுதுறதுன்னு தெரியல" என்றார். நான் ஆல்பத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். வாங்க மாட்டேன் என்றவரிடம், இரட்டை அட்டைகள், எனக்குத் தேவையில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு வாசலில் டாக்சி வந்து நின்றது. சாந்தியிடமிருந்து செய்தி: 'கெடச்சாளா?' 'கெடச்சா. சிவகங்கைப் பக்கம் இருக்கா, வரமாட்டா' என்று பதில் போட்டேன். வீட்டில் என் அட்டைகள் தூசு படாமல், வெயில் படாமல் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. ஒவ்வொருத்தியின் பெயரும் படமும் எனக்குத் தெரியும். ஆனால் அவற்றை வைத்து நான் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை.

டாக்சி கிளம்பும்போது சின்னத்துரை ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். கையில் ஆல்பத்தின் முதல் அட்டை. இரவு விடுதிப் பாடகியாக நடித்தவள், தோளிலிருந்து முழங்கால் வரை பெரிய இறகு விசிறி ஒன்றை விரித்துப் பிடித்திருப்பாள்.

"இவங்க யாரு சார்?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வெயிலில் நின்றபடி, அட்டையை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சின்னத்துரை அவசரப்படவில்லை. கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பறவைங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க சார்" என்றார்.