கயித்து வூடு

எங்கள் இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எல்லா இடமும் வெள்ளையாகப் பூசியிருக்கிறதே, இந்த ஒரு முழம் மட்டும் ஏன் உடைத்துப் போட்டபடி கிடக்கிறது? மேஸ்திரி பாதி வேலையில் ஓடிவிட்டாரா? சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். அவர் ஓடவில்லை. நான் துரத்தினேன். அந்த உடைப்புக்குள் விரலை விட்டால் ஒரு கயிறு தட்டுப்படும். செங்கல் தூளில் புரட்டி எடுத்தது போன்ற நிறம். மூன்று முடிச்சும் அவிழாமல் இருக்கும். எனக்கு எழுத வராது. சந்தவாசலில் டிராக்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவன் கயிறு கட்டிக்கொள்வான். மஞ்சளில் தோய்த்த நூல் கயிற்றை முருகன் காலடியில் வைத்து எடுத்து, வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். அது கையில் இருக்கும்வரை எவ்வளவு பெரிய குடிகாரனும் குடிக்க மாட்டான். பயம். ஆனால் குடிகாரன் சாமிக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பான். கயிற்றோடு குடித்தால்தானே குற்றம்? பிளேடால் அறுத்து, கண்ணில் ஒற்றி, ஏதாவது மரக்கிளையில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போவான். நானே இரண்டு முறை அப்படிப் போனவன். என் மனைவி வெறும் மணிக்கட்டைப் பார்த்து, கயிறு எங்கே என்று கேட்டபோது இரண்டு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "வேல செய்யறப்ப எங்கியோ வுழுந்துட்சி." மூன்றாவது கயிறுதான் நின்றது. அதன் பிறகு என்னைப் போல் விட்டவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிருத்திகைக்குக் கிருத்திகை பஜனை பாடினோம். கயிறு கட்டியவன் ஊருக்குள் இருந்தால் பழைய கூட்டாளி இழுத்துப் போய்விடுகிறான், மலை மேல் ஓர் இடம் வேண்டும், கொஞ்ச காலம் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

கிடைத்தது புளி வீடு. ஜவ்வாது மலையில் புளி வாங்கிச் சேர்த்து வைத்த ஒரு வியாபாரியின் பழைய வீடு. ஆள் இல்லாமல் பல வருஷம் கிடந்தது. ஓடு சரிந்து, உள்ளே எருக்கு முளைத்திருந்தது. சுவரைத் தொட்டால் மாவாக உதிரும். சிமெண்ட் வாங்கிப் பூசினோம். பத்தே நாளில் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. அப்போதுதான் மேஸ்திரி வந்தார்.

கலசப்பாக்கத்துப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குடியால் வேலை போய், மனைவி தன் அண்ணன் வீட்டோடு போய்விட்ட ஆள். பங்குனியில் எங்களிடம்தான் கயிறு கட்டிக்கொண்டார். இல்லத்தில் தங்கப்போகிற முதல் ஆளும் அவர், அதைக் கட்டி முடிக்கிற ஆளும் அவரே என்று பேசிக்கொண்டோம். வந்த அன்றைக்குச் சுவரைச் சுரண்டி, அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு தின்ன சுவுருங்க இது. புளிக்குப் போட்ட உப்பு பூரா உள்ள எறங்கிக் கீது. சிமெண்ட்டு நிக்காது. சுண்ணாம்புதான்." அப்புறம் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நல்ல வூடாத்தான் புட்ச்சிக் கீறீங்க சாமி. எவனாவது போதையில வந்தா புளி கரைக்க வேணாம். சுவுர நக்க வுட்டா போதும், தானா எறங்கிடும்." அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கயிறு கட்டியவர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். வேலை பார்க்க வந்த மலைக்காரப் பெண்கள் அதைக் கேட்டுக் கேட்டு, அந்த வீட்டுக்குக் 'கயித்து வூடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார், மணி பார்ப்பது போல. ஆடிக் கிருத்திகை வரை அந்தக் கயிறு கையில் இருந்தால் திரும்பி வருவதாக அவர் மனைவி சொல்லியிருந்தார். வேறு எந்தச் சத்தியத்தையும் அந்தம்மா கேட்கவில்லை. கயிற்றைக் காட்டு, வருகிறேன். அவ்வளவுதான். பழைய பூச்சை முழுக்கச் செதுக்கி, சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி உப்பை இறக்கி, சுண்ணாம்பு ஊறப்போட்டு, வெந்துபோன விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அவர் வேலை செய்தார். "எம் பொஞ்சாதி வந்தா மொதல்ல இந்தச் சுவுரதான் காட்டுவேன். உன்ன மாரியே கீது பாரு, எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் உப்பு போவலன்னு சொல்லுவேன்" என்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருந்தது. சாமி மாடத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஈரச் சுண்ணாம்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "இன்னா மேஸ்திரி, சாமி வெக்கற எடத்துல வெத்தல துப்பி வெச்சிக் கீற?" என்று கத்தினேன். அவர் திருதிருவென்று விழித்தார். "நான் வெத்தல போட்றதே இல்லீங்களே சாமி. எங்கிருந்து வந்துச்சின்னு தெரியில." மறுபடி கரண்டியால் அதன் மேல் ஒரு பூச்சுப் பூசி மூடினார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு வெற்றிலைதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே மணல் குவியலில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்துவிட்டார். மணலுக்குள் பாட்டில் புதைத்து வைக்கிற வித்தை எனக்குப் பழக்கம். உள்ளே போய்விட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை கழுவினோம். அவர் கழுவும்போது பார்த்தேன். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையம் போல் தெரிந்தது.

"கயிறு எங்க?"

"அதத்தான் சாமி காலையிலேர்ந்து தேடிக்கினு கீறேன். வேல செய்யறப்ப எங்கியோ வுழுந்துட்சி."

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. எழுத்து மாறாமல். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றித்தான் தெரிந்திருந்தது.

"டேய், யார்கிட்ட கதை வுட்ற?" என்றேன். நேற்று வரை சாமி. காலையில் மேஸ்திரி. மத்தியானம் டேய். மற்றவர்கள் தட்டோடு நின்றார்கள். அவர் என் பக்கத்தில் வந்தார். "அறுக்கலீங்க. சத்தியமா அறுக்கல. வேணும்னா ஊதிக் காட்றேன், மோந்து பாருங்க" என்று வாயைத் திறந்தார். "உன் வாய மோந்து பாக்க நான் இன்னா போலீஸா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மூச்சு. அதை இழுத்துப் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. கயிறு இல்லாதவனுக்கு இங்கே இடமில்லை என்றேன். அவர் சுண்ணாம்புச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சட்டியில கலந்தது கீது. வீணா பூடும். அத மட்டும் இழுத்துவுட்டுட்டுப் போட்டுமாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கரண்டியைக் கழுவி, சுவரோரம் சாய்த்துவிட்டுக் கிளம்பினார். மலையில் அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நடந்தேதான் இறங்கினார்.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். புளி வீட்டில் போன் எடுக்காது. அரை மைல் மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். நான் அந்த வெயிலில் அரை மைல் ஏறினேன். பாறை மேல் நின்று அவர் மனைவிக்குப் போன் போட்டேன். "ஏம்மா, உன் வூட்டுக்காரு கயித்த அறுத்துட்டாரு. நம்பி வந்துடாத" என்றேன். அந்தம்மா "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலமே ஆள் வந்து சொன்னான். மேஸ்திரி சந்தவாசலில் குடித்துவிட்டு ரோட்டோரம் கிடக்கிறாராம். நான் மற்றவர்களைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. வேறு கொத்தனாரை வைத்து வேலையை முடித்தோம். இல்லம் திறந்தோம். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் பஜனை முடிந்ததும் நான் மேஸ்திரி கதையைச் சொல்வேன். சாமியை ஏமாற்றியவன் கதி என்று சொல்வேன். மூன்று வருஷம் சொன்னேன். போன புரட்டாசியில் அவர் ஈரல் கெட்டுச் செத்துப்போனார். சாவுக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "எங்க பேச்ச கேட்டிருந்தா பொழச்சிருப்பான்" என்றேன். அந்தம்மா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை தீபத்துக்குச் சாமி மாடத்தில் விளக்கு மாட்ட, வயரிங் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டேன். பக்கத்துச் சுவரில் உளி வைத்து, வயர் பதிக்கப் பள்ளமாகக் காடி எடுத்தார். "இன்னாங்க இது, சுவுத்துக்குள்ள கயிறு வெச்சுப் பூசிக் கீறீங்க, எதுனா வேண்டுதலா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். முடிச்சு மூன்றும் அப்படியே இருந்தன. பிளேடு பட்ட வெட்டு இல்லை. உராய்ந்து உராய்ந்து, நார் நாராகப் பிய்ந்து, முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் அறுந்திருந்தது. எப்போது அறுந்ததோ, சட்டிக்குள் விழுந்து, சுண்ணாம்போடு சேர்ந்து கரண்டியில் ஏறி, சுவருக்குள் போய்விட்டது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு சிவந்துபோய் இருந்தது. அன்றைக்கு நான் வெற்றிலைக் கறை என்று கத்திய அதே இடம்.

அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு கலசப்பாக்கம் போனேன். அந்தம்மா அண்ணன் வீட்டு வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழுந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கயிற்றைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"அன்னிக்கு அவரும் போன் பண்ணாரு. உங்களுக்கு அப்புறம். எந்தக் கடையிலியோ போன் வாங்கிப் பேசனாரு. குடிக்கல, வுழுந்துட்சின்னு சொன்னாரு. பேச்சு குழறல. நல்லாத்தான் பேசனாரு." கால் விரலால் நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். "நான்தான் நம்பல. சாமி வூடு கட்றவரு பொய் சொல்லுவாரான்னு உங்கள நம்பினேன்."

இதை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "என்னக் கேட்டா? நீங்கதான் வெச்சிக்கினு பாருங்க. நான் வேற பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, காக்கை விரட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் அந்தக் காடியை மூடவில்லை. கயிற்றைத் திரும்பக் கொண்டுவந்து அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். மேஸ்திரி கதையை இப்போதும் புதியவர்களிடம் சொல்கிறேன். முன்பு சொன்ன மாதிரி இல்லை, இங்கே எழுதியிருக்கிற மாதிரி. கேட்டுவிட்டுச் சிலர் என்னைச் சமாதானப்படுத்துகிறார்கள். குடிக்கிறவன் எப்படியும் குடித்திருப்பான் என்கிறார்கள். குடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குக் குடிக்கவில்லை.

போன வாரம் ஒருத்தன் வெறும் கையோடு என் முன்னால் வந்து நின்றான். "குளிக்கறப்ப ஓடையில வுழுந்துட்சி சாமி" என்றான். பொய் என்றுதான் எனக்குப் பட்டது. என் புத்தி மாறவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. அவனை ஊதச் சொல்லவில்லை. மாடத்துக்குக் கீழே இருக்கிற தகர டப்பாவைத் திறந்து, ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, கையை நீட்டச் சொல்லிக் கட்டினேன். மூன்றாவது முடிச்சுப் போடும்போது பக்கத்துச் சுவரில் அந்த உடைப்பு கண்ணில் பட்டது.

வேலை நடந்தபோதும் அந்த டப்பா அந்த அறையில்தான் இருந்தது. அதற்குள் கட்டுக் கட்டாகக் கயிறு இருந்தது. மேஸ்திரி வாயைத் திறந்து நின்ற இடத்திலிருந்து அதற்குப் பத்தடிகூட இருக்காது. நான் அரை மைல் ஏறிப் பாறைக்குப் போனேன்.