இன்னொருத்திக்கு வந்த கடிதம்

வளைகுடாவில் மறுபடியும் சண்டை என்று தொலைக்காட்சியில் வந்தவுடனே, கத்தாரிலிருந்து மகன் கூப்பிட்டான். சுகமாக இருப்பதாகச் சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையும் காட்டினான். போனை வைத்த பிறகு 'சுகம்' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கதை எழுதியும் அந்தச் சொல்லை என்னால் யோசிக்காமல் எழுத முடிந்ததில்லை.

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது என் கணவர் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். மகனுக்கு இரண்டு வயது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. அருப்புக்கோட்டையில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே, ஒன்றும் இல்லையென்று கையசைத்துவிடுவார்.

ஏழாவது வாரம், எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷனும் அதே கம்பெனியில் கொத்து வேலை பார்த்தவர். அங்கிருந்து முந்திப் புறப்பட்ட யாரோ பம்பாயில் தபாலில் சேர்த்த கடிதம் அவள் கையில் இருந்தது.

"எங்க வீட்ல அவுக காயிதம் போட்டிருக்காக. வாசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

பிரித்தேன். என் கணவரின் கையெழுத்து. பேச்சில் அவருக்கு 'ழ' வரவே வராது. எழுத்தில் மட்டும் அதன் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுவார். 'அழாதே' என்ற சொல்லில் அந்த வால் நீண்டு கிடந்தது. வாசிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்ட சேதி என்று நினைத்து அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய் விஷயத்தைச் சொன்னேன். எழுதத் தெரியாத தன் புருஷனுக்காக எழுதியவர் என் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுவதையும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஜோர்டான் எல்லை முகாமில் சுகமாக இருக்கிறேன். ஆட்டை விற்காதே. மழை பெய்தால் பருத்தி போடு. உன் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

"ஒரு நாளைக்கு நீங்க வச்சிருங்கக்கா. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி வரி யாருடையது? சொன்னவருடையதா, எழுதியவருடையதா? இன்னொருத்திக்கு வந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வெட்கமாக இருந்தது. இருந்தும் படித்தேன்.

இருபது நாள் கழித்து அவர் வந்து சேர்ந்தார். மெலிந்து, உதடு வெடித்து, ஒரே ஒரு பையோடு. முகாமில் பலருக்கும் அவர்தான் எழுதிக் கொடுத்தாராம். எனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்க ஒரு வாரம் ஆனது.

"காயிதம்னா சொகமா இருக்கேன்னுதான் ஆரம்பிக்கணும். மத்தவுகளுக்கு அவுக சொன்னத எழுதிட்டேன். ஒனக்குப் பொய் எழுதக் கை வரல" என்றார்.

அந்தக் கடைசி வரியைப் பற்றியும் கேட்டேன். மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு அவர் கடல் தாண்டவில்லை. பந்தல்குடி ரோட்டில் கடை போட்டார். மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோகும் வரை நாங்கள் ஒரு நாளும் பிரிந்திருந்ததில்லை. அதனால் அவர் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வரவே இல்லை.