காற்று மிஷின்காரன்

ஊர்ப் பேச்சில் எது புதிதாக அடிபடுகிறதோ, அது மறுவாரமே அவன் தோள்பையில் இருக்கும். கொரியா சீரியல் பார்த்துவிட்டுப் பெண்கள் பளபளவென்று முகம் வேண்டும் என்று கிளம்பிய காலத்தில் கொரியா கிரீம் விற்றான். பூசியவர்களுக்கு முகம் தடித்துச் சிவந்தபோது, ஆள் பல் விளக்கும் மூங்கில் பிரஷ்ஷுக்கு மாறியிருந்தான். பிளாஸ்டிக்கால் பூமியே அழியப்போகிறது என்று வீடு வீடாகப் போய்க் கண் கலங்கிப் பேசுவான். பேசி முடித்துவிட்டு, பிரஷ்ஷைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக் கொடுப்பான். வெட்கம் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு.

இப்போது காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின். அறுவடை முடிந்து வயல்களைக் கொளுத்தும் பருவத்தில் புகை நகரத்தின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். செல்போனைத் திறந்தால் காற்றின் தரம் சிவப்பு, கருஞ்சிவப்பு என்று ஒரே பீதி. பீதி இருக்கும் இடத்தில் இவன் இல்லாமலா? தெருக்காரர்கள் கிண்டலுக்கு 'சுத்தக்காற்று' என்று பெயர் வைத்தார்கள். அவன் அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டான்.

அவனுடைய வித்தை பெரிய வித்தை இல்லை. லிஃப்டில் ஏறும்போதே சட்டைக் கையில் வாசனை ஸ்பிரே அடித்துக்கொள்வான். வீட்டுக்குள் போனதும் குழந்தை படுக்கும் கட்டில் எது என்று விசாரித்து, தலையணை ஓரமாகக் காற்றின் மாசை அளக்கும் கையடக்க மீட்டரை நீட்டுவான். ஸ்பிரே பட்டதும் எண் எகிறிச் சிவப்பாகும்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம், நம்பரை நீங்களே பாருங்க" என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்வான். "ராத்திரி முழுக்க பாப்பா இதைத்தான் இழுத்துட்டு இருக்கு."

அதற்கப்புறம் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

நாள் முழுக்கப் பொய் எண்ணை உண்டாக்குகிறவனுக்கு உண்மை எண்ணின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? புகை, மூச்சுத்திணறல் எல்லாமே மிஷின் கம்பெனிகள் கிளப்பிவிட்ட கதை என்று அவன் மனதார நம்பினான். தான் மட்டும் புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். இன்ஹேலர் கேட்டு நிற்கும் கூட்டம் பெருகுவதைத் தினமும் பார்ப்பவள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் மூச்சிழுப்பு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவன் பையிலிருந்து மீட்டரை எடுத்து மகளின் தலையணை அருகே பிடித்தாள். சிவப்பு.

"இங்க வந்து பாருங்க."

"என் சட்டை அங்க கெடந்திருக்கும்."

"அதெல்லாம் துவைக்கப் போட்டாச்சு."

"அப்ப மீட்டர் போயிடுச்சு. மட்டமான சாமான்."

"இதைக் காட்டித்தானே ஊருக்கெல்லாம் விக்கிறீங்க?"

"அது வியாபாரம். அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதே."

சொன்னதோடு விட்டானா? மகளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஓடினால் நுரையீரல் திறக்கும் என்று அந்தப் புகைக்குள் ஓடவிட்டான். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு நிரம்பி வழிந்தது. பெஞ்சு பெஞ்சாகத் தாய்மார்கள். மடியில் மருந்துப்புகை மாஸ்க் மாட்டிய பிள்ளைகள். டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு, "உயிருக்குப் பயமில்ல. ஆனா வீட்ல ஒரு ரூமையாவது நல்ல காத்தோட வெச்சுக்கணும். ஏர் பியூரிஃபையர் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதான் நம்மகிட்டயே இருக்கே. இன்னிக்கே ஒண்ணைக் கொண்டு வந்து பாப்பா ரூம்ல வெச்சுடுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "அது வேணாம். வேற கம்பெனிது பாக்கலாம்."

"ஏன்?"

"அதுல ஃபில்டர் கிடையாது."

"பின்ன என்ன இருக்கு?"

"ஃபேன். ஒரு நீல லைட்டு."

ரிப்பேருக்கு வந்த ஒன்றை முன்பே திறந்து பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலத் திருகாணியை முடுக்கி, திரும்பவும் விற்கப் போயிருக்கிறான். அவள் அவனை அருவருப்போடு பார்த்தாள். காலில் மிதித்ததைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அந்த நேரம் பார்த்து எதிர் பெஞ்சிலிருந்த ஒரு பெண் முகம் மலர்ந்தாள். மடியில் அவள் மகன் மாஸ்க்கோடு சாய்ந்திருந்தான்.

"சார், நல்லவேளை உங்களைப் பாத்தேன். உங்க மிஷின் ராப்பகலா ஓடுது. நீங்க சொன்னபடி ஜன்னலைத் திறக்கிறதே இல்ல. அப்படியும் இவனுக்கு இழுக்குதே. ஸ்பீடைக் கூட்டணுமா சார்?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனிதனாக நடந்துகொள்ள அவனுக்கு வாய்ப்பு வந்தது. மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மூணுல வைங்க மேடம்" என்றான்.

மனைவி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அக்கா, வீட்டுக்குப் போனதும் அதை அணைச்சுடுங்க. அது வெறும் ஃபேன். இவர் இப்பத்தான் என்கிட்ட சொன்னாரு."

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மகனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவன் சமாளித்திருப்பான்.

நர்ஸ் வந்து மகளின் பெயரைக் கூப்பிட்டாள். "வார்டுல சேர்க்கணும். குழந்தையோட அப்பா வந்திருக்காரா?"

"வரல" என்று சொல்லிவிட்டு, மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காலை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டான்.