மீன் விடாத தொட்டி

அத்தான் சோமசேகரம் சுன்னாகத்தில் உழவு இயந்திரம் திருத்துபவர். அப்படியொரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு நிற்கிற நேரத்திலும், கையில் எடுத்த வேலை முடியாமல் எழும்ப மாட்டார். பன்னிரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய என் அக்கா செல்வநாயகிக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

எண்பத்துநாலாம் ஆண்டு அவருக்கு மீன் வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்கு அடைக்கப் புட்டிப் பசை பூசித் தானே தொட்டி செய்தார். மணலை ஒன்பது தரம் கழுவிப் போட்டார், பாசி நட்டார். காற்று ஊத ஒரு சின்ன மோட்டாரும் வயரும் பூட்டினார். மீனை மட்டும் விடவில்லை. ஐந்து தங்கமீன்கள் குசினி அடுப்படியில் மண்சட்டிக்குள் நெரிபட்டன.

"புட்டியின்ரை நஞ்சு தண்ணியிலை இறங்கும். பத்து நாளைக்கு மாத்தி மாத்தி ஊத்தவேணும். அதுக்கு முதல் விட்டால் செத்துப்போகும்" என்றார்.

நாலாம் நாள் காலை ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தது. அத்தானையும் அவர் வீட்டில் தங்கியிருந்த என்னையும் கூடத்தில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி தொட்டியைப் பார்த்தான். தண்ணீர், மணல், மோட்டார், வயர்.

"மீன் எங்க?"

"இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றார் அத்தான்.

"ஆறு நாள்? ஆறு நாள்ல என்ன வெடிக்கும்?"

அத்தான் புட்டியைப் பற்றி விளக்கத் தொடங்கினார். துவக்குப் பிடியால் விலாவில் இடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தலைமயிரைப் பிடித்து வாசல்வரை இழுத்தார்கள். வெளியே ட்ரக் நின்றது. அதில் ஏறியவர்கள் திரும்பி வருவதில்லை.

அக்கா மண்சட்டியோடு ஓடிவந்து மீன்களைத் தொட்டிக்குள் ஊற்றினாள்.

"விடாதை!" என்று கத்தினார் அந்த மனிசன். அதற்கும் வாயில் ஒரு உதை விழுந்தது.

மீன்கள் நீந்தின. அதிகாரி கண்ணாடியைத் தட்டிச் சிரித்தான். அத்தானை விடச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு அக்காவிடம் தேத்தண்ணி கேட்டான். அவன் குடிக்கக் குடிக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று பக்கவாட்டில் சரிந்தது. அது அவன் கண்முன்னே செத்தால், தண்ணீரில் என்ன கலந்தாய் என்று கேட்பான். பிறகு அத்தானை யாரும் காப்பாற்ற முடியாது.

எனக்கு உயிர்ப்பயம். ஆனாலும் எழும்பித் தொட்டியை மறைத்து நின்றேன். துவக்குப் பிடி முகத்தில் இறங்கியது. இரண்டு பல் போனது. விழுந்தேன், திரும்பவும் எழும்பி அதே இடத்தில் நின்றேன். இரண்டாம் அடிக்குக் கை ஓங்கும்போது வெளியே விசில் ஊதினார்கள். தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் தவழ்ந்து வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஐந்து மீன்களும் மல்லாந்து மிதந்தன. அவர் அக்காவைப் பார்த்து, "உனக்கு அறிவில்லையோ? அநியாயமாய்க் கொன்றுபோட்டியே" என்றார்.

அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்தேன். ஒன்றல்ல, கை ஓயும்வரை அறைந்தேன். முறிந்த விலாவைப் பிடித்தபடி அவர் வாங்கிக்கொண்டு நின்றார்.

அக்கா நடுவில் பாய்ந்து என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, உனக்கு அடிக்க இவர்தானோ கிடைச்சவர்?"