ஒன்பது பேர் ஏறும் வண்டி

எங்கள் வீட்டுக்குப் பெரிய வண்டி ஒன்று வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. என் கணவர் தான்தான் என்பார். அவருடைய அண்ணன், வீட்டில் நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம், தன் யோசனைதான் என்று சாதிப்பார். இரண்டு பேரும் புளுகுகிறார்கள். சொன்னது நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, எட்டுப் பேரும் பஸ்ஸில் நின்றபடியே தாம்பரம் வந்து சேர்ந்தோம். என் பட்டுப்புடவை மேல் யாரோ ஒரு புண்ணியவான் கருவாட்டுப் பையைச் சாய்த்து வைத்துவிட்டார். "இனிமே இந்த வீட்டுல ஒரு வண்டி வர்ற வரைக்கும் நான் எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டேன்" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன்.

செம்பாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். நான் மருமகளாக வந்தபோது நிலமெல்லாம் பிளாட்டாகி, தாம்பரத்தில் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வந்துவிட்டது. நான் குரோம்பேட்டைக்காரி, ஆபீஸ் போகிறவள். பெரியவர், அவர் மனைவி, நாங்கள் இருவர், ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆக எட்டு.

ஒன்பதாவது ஆள் அண்ணி. என் கணவருக்கும் பெரியவருக்கும் அக்கா. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போய், தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கை மெஷினில் தெருவுக்கே பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். ஊசியைவிடக் கூர்மையான வாய். பக்கத்தில் எங்காவது விசேஷம் என்றால் ஆட்டோவில் போய் வருவார். தூரம் என்றால், நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று எப்போதும் ஒரே வசனம்தான்: "நீங்க போய்ட்டு வாங்க. வூட்ட நான் பாத்துக்கிறேன்."

அவருக்கு வீட்டில் இருப்பதுதான் பிடிக்கும் என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கத்தரிக்கோல் தேடி மெஷின் டிராயரைத் திறந்தேன். ஒரு பவுடர் டப்பா நிறையக் கிளிஞ்சல். பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து கழற்றிப் போட்ட கால்சட்டைப் பாக்கெட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்தது. "சின்ன வயசுல அப்பா தோள் மேல உக்காந்து பாத்தது. அலை கால்ல பட்டதில்ல. எப்பிடி இருக்கும், ஜில்லுனு இருக்குமா?" என்று அண்ணி கேட்டார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டிலிருந்து கோவளம் கடற்கரை ஒரு மணி நேரம். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆகவே வண்டிப் பேச்சில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் கருவாடு பாதிக் காரணம், கிளிஞ்சல் பாதிக் காரணம்.

எந்த வண்டி என்பதில் மூன்று மாதம் போனது. என் கணவருக்கு ஒரு வண்டி மேல் கண். பார்க்க எடுப்பாக, உள்ளே ஏ.சி.யோடு, எல்லா சீட்டும் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதன் மேல்தான் ஆசை. ஆனால் நெருக்கி உட்கார்ந்தாலும் ஏழு பேர்தான். பெரியவருக்குப் பிடித்தது ஜீப் மாதிரி உயரமாக, நீளமாக, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு சீட் போட்ட வண்டி. பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். "அழகு இன்னாத்துக்கு? ஒம்போது பேரும் ஒண்ணா போவணும். ஒருத்தர் வுட்டுப் போவக் கூடாது. அவ்ளோதான்" என்று முடித்துவிட்டார். ஏ.சி.யை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டு நானும் தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். எங்கள் குடும்ப வழக்கம் ஒன்று உண்டு. கட்டில் வாங்கினால் கடையிலேயே படுத்துப் பார்ப்போம், ஊஞ்சல் வாங்கினால் ஆடிப் பார்ப்போம். வண்டிக்கும் அதே கதைதான். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, அப்புறம் பஸ் மாறி, எட்டுப் பேரும் போய் இறங்கினோம். "அண்ணிக்கு எதுக்குப் பாவம், ரயிலும் பஸ்ஸுமா ஏறி எறங்கற சிரமம்" என்று கரிசனமாகப் பேசி அவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனோம்.

டை கட்டிய விற்பனைப் பையன் முகத்தில் ஈயாடவில்லை. எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தோம். "எல்லாரும் வந்துட்டீங்களா சார்?" என்றான். "இன்னும் ஒராளு கீது" என்ற பெரியவர், நான் வழிக்கு எடுத்துப்போன புளியோதரைக் கூடையை வாங்கி, பின் பெஞ்சில் அண்ணிக்கான இடத்தில் வைத்தார். கூடை தாராளமாக உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு சாண் இடம் மிச்சம். எல்லாருக்கும் பரம திருப்தி. அங்கேயே முடிவு செய்து, வெள்ளை நிறத்தில் ஒன்று சொல்லிவிட்டு வந்தோம்.

வண்டி வீட்டுக்கு வந்த காலையில் தெருவே கூடிவிட்டது. மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதல் சவாரி கோயிலுக்கு, அங்கிருந்து நேராகக் கோவளத்துக்கு என்று ஏற்பாடு. அண்ணி மாம்பழ நிறச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு வெளியே வந்தார். பகல் வேளையில் அந்த மெஷினை மூடி நான் பார்த்ததே இல்லை.

வண்டியின் படி அவருடைய முழங்கால் உயரத்துக்கு இருந்தது. கதவுப் பிடியைப் பற்றி ஒரு முறை எம்பினார். முடியவில்லை. வலது காலை மேலே வைத்தால் இடது கால் உடம்பைத் தாங்காது, இடது கால் மேலே போகவே போகாது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே இன்னும் உயரம். புளியோதரைக்குக் கால் கிடையாது என்பது எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் மண்டையிலும் அதுவரை ஏறவில்லை.

"தூக்கி வெச்சிடலாங்கா" என்று என் கணவர் கையை நீட்டினார்.

"கை வெச்சே, அப்புறம் தெரியும் சேதி. நான் இன்னா அரிசி மூட்டையா?" என்றார் அண்ணி. பிறகு சிரித்தார். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்ததே. "போங்க, நல்ல நேரம் போய்டப் போவுது. வூட்ட நான் பாத்துக்கிறேன்."

கோயிலுக்கு மட்டும் போனோம். கோவளம் என்று பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த நீளமான வண்டிக்குள் காலியாக இருந்த இடத்துக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு வாரம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பெரியவர் கடையிலிருந்து பெயின்ட் டிரம் கொண்டுவந்தார். அது ஆடியது. அவர் மனைவி, என் ஓரகத்தி, மர முக்காலி கொடுத்தாள். என் கணவர் வெல்டரிடம் சொல்லி இரும்புப் படி அடித்துவரக் கிளம்பினார். அண்ணி எல்லாவற்றையும் உதறித் தள்ளினார். "ஊர் ஊரா எனக்கொரு முக்காலி தூக்கினு வருவீங்களா? ஏறங்காட்டியும் நாலு பேர் வேடிக்க பாக்கணும். அந்தப் பேஜாரே வேணாம்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி காயப்போட வந்தபோது, அண்ணி தையல் டேப்போடு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தரையிலிருந்து வண்டியின் உள்தளம் வரை அளந்தார். பிறகு மெல்ல நடந்துவந்து வீட்டு முகப்புத் தளத்தின் உயரத்தை அளந்தார். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் தெருவில் தண்ணீர் ஓடும் என்று என் மாமனார் அந்த வீட்டைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் குட்டிக்குட்டிப் படிகள், பிடித்துக்கொள்ளச் சுவர். அண்ணி தினமும் அதில்தான் ஏறி இறங்குவார்.

"ஒரு இஞ்சுதான் கொறையுது. உன் வூட்டுக்காரன எழுப்பி, வண்டிய ரிவர்ஸ்ல எடுத்துகினு வரச் சொல்லு" என்றார்.

என் கணவர் லுங்கியோடு வந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். முதல் பலி என் ரோஜாத் தொட்டி. முகப்பை ஒட்டி அழகாக நிறுத்திவிட்டு இறங்கிவந்து பார்த்தால், பின்கதவைத் திறக்க இடமில்லை. மறுபடி முன்னால் எடுத்து, கதவை முழுசாகத் திறந்து வைத்து, பெரியவர் "வரலாம் வரலாம்" என்று கத்த, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. வீட்டுத் தரையும் வண்டித் தரையும் ஒன்றாகச் சேர்ந்தன. அண்ணி கூடத்திலிருந்து வாசலுக்கு வந்து, வாசலிலிருந்து அப்படியே வண்டிக்குள் நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். ஒருவர் கையும் அவர் மேல் படவில்லை.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? ஏறுங்க" என்றார்.

அன்று தாம்பரம் வரைக்கும் போய்விட்டு, இறங்காமலே திரும்பினோம். இறங்க ஓர் இடம் வேண்டுமே. அதன்பிறகு எங்கள் குடும்பத்துக்கே கண் மாறிப்போனது. எங்கே போனாலும் வண்டி உயரத்துக்கு ஒரு மேடை தேடுவோம். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் மூட்டை இறக்கும் மேடை அமைந்தது. அன்றைக்கு அண்ணி தன் கையாலேயே பட்டனும் லேசும் பொறுக்கி எடுத்தார். அதுவரை நான் வாங்கிக்கொடுத்த பட்டன்கள் ஒன்றுகூட நிறம் சேர்ந்ததில்லை என்பதையும் சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கல்யாண மண்டபம் என்றால் பின்பக்கம் காய்கறி இறக்குகிற மேடை. மாப்பிள்ளை வீட்டார் முன்வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்க, நாங்கள் சமையற்கட்டு வழியாக உள்ளே போவோம். சமையல்காரர்கள் அண்ணிக்குத்தான் முதல் காபி தருவார்கள். பந்தியில் எங்களுக்கு இரண்டாவது வடை கிடைத்ததெல்லாம் அந்தச் செல்வாக்கில்தான். ஏ.சி. இல்லாத குறையே எனக்கு மறந்துபோனது.

ஆனால் கடற்கரையில் ஏது மேடை? கோவளம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அண்ணி கேட்கவில்லை. கிளிஞ்சல் டப்பா டிராயரிலேயே இருந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மண்வெட்டி ஒன்றை எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். கோவளத்தில் மீனவர்கள் வண்டி போய்ப் போய் இறுகிக் கிடந்த தடத்தில் வண்டியை அலைக்குக் கிட்டே வரை கொண்டுபோய், பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி நிறுத்தினார். "மேடை இல்லன்னா இன்னா, வண்டிய எறக்கலாம்" என்று சொல்லி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? தட்டு, டம்ளர், கொட்டாங்கச்சி என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தோண்டினார்கள். தோண்டிய மணலைப் பெரியவர் கதவுக்குக் கீழே குவித்து மிதித்து இறுக்கினார். கட்டுமரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வண்டியைப் பின்னால் நகர்த்தியதும் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி, வண்டி பின்பக்கமாகப் படுத்தது.

அண்ணி விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினார். கால் மணலைத் தொட்டது. எழுந்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் தோளையும் பிடித்து நான் பார்த்ததில்லை. இருபது அடி போக நிறைய நேரம் ஆனது. ஈர மணலில் உட்கார்ந்து, சூம்பிய காலைக் கையால் எடுத்து முன்னால் நீட்டி வைத்தார். அலை வந்து இரண்டு காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"ஜில்லுனுதான் கீது" என்றார்.

வெயில் ஏறியதும் கிளம்பப் பார்த்தால் வண்டி நகரவில்லை. இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கிய வண்டி, ஏறச் சொன்னால் ஏறுமா? முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. தள்ளினோம். மணல்தான் முகத்தில் அடித்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் அதற்குள் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். பக்கத்து மீனவர் குப்பத்துக்குப் போய் நாலு ஆளும் ஒரு கயிறும் கொண்டுவர வேண்டும் என்றார் பெரியவர். என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு அண்ணியைப் பார்த்தார்.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எல்லாரும் போய்ட்டு வாங்க. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

குப்பம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆட்களோடு திரும்பிவரப் பத்து நிமிடம் போதும். நாங்கள் எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.