மூன்றாவது மாடியில் கருட சேவை

என் அண்ணி வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மின்விசிறிக்கு நாலாபுறமும் கூரையிலிருந்து இரும்புக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கைவிரல் தடிமன். ஒரு கிடாயைத் தொங்கவிட்டாலும் தாங்கும். அந்த ஃப்ளாட்டுக்குக் குடிபோன முதல் வாரமே ஆள் வைத்துக் கூரையைத் துளைத்து மாட்டினார். துளைக்கிற சத்தத்தில் மேல்வீட்டுக்காரர், தன் தரை வழியாக ஏதாவது முளைத்து வருகிறதா என்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து கதவைத் தட்டினார். அண்ணி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். கொக்கி எதற்கு என்று அவரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. நான் ஊஞ்சலுக்கு என்று நினைத்தேன். இந்தக் கூடத்தில் ஊஞ்சல் ஆடினால் முன்னால் போகும்போது சமையலறையில் கால் இடிக்கும், பின்னால் வரும்போது மண்டை பால்கனிக்குப் போகும் என்று என் சொந்தச் சரக்கு ஒன்றை எடுத்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

மிகைப்படுத்திச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, உள்ளே இருப்பவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் போக முடிகிற சமையலறை, நான்கு ஈரத்துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அவ்வளவுதான் வீடு. அப்போது நான் ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை என்ற பெயரில் மாதாமாதம் இரண்டு பக்கத்தை நிரப்பிவந்தேன். அந்த வீட்டில் ஒருவர் தும்மினால் இன்னொருவர் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற ரீதியில் ஒரு கட்டுரை எழுதினேன். யார் வீடு என்று எழுதவில்லை, ஆனால் அண்ணிக்குத் தெரியாமல் போகுமா? அடுத்தமுறை போனபோது, "படிச்சேன்பா. எழுத்து ரொம்பச் சின்னதா போட்டுருக்கறாங்க" என்றார். அதற்குமேல் என் இலக்கியத்தைப் பற்றி அவர் பேசியதில்லை.

அதற்கு முன்னால் எங்களுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய வீடு இருந்தது. மாடிக்குப் போனால் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும். வைகாசியில் கருட சேவையன்று, பெருமாள் கருடன்மேல் கோபுர வாசலுக்கு வரும் அந்த விடியற்காலைக்காக, வெளியூர்க்காரர்கள் முந்தின நாளே வந்து இறங்கிவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு அன்றைக்குத்தான் தனக்கு எத்தனை சொந்தம் என்பது தெரியும். பங்காளி வருவார், சம்பந்தி வருவார், சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். வரலாமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர் அண்ணிதான். என் அண்ணன் அன்றைக்குச் செய்யும் ஒரே வேலை, வாசலில் குவியும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பது. அதையும் தப்பாகச் செய்வார்.

அப்பா காலத்துக்குப் பிறகு வீடு பாகத்துக்கு வந்தது. எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை இல்லாத குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுபோல் எல்லாரும் மரியாதையாகப் பேசி வீட்டை விற்றோம். அண்ணன் பங்குப் பணத்துக்கு அதே ஊரில் இந்த மூன்றாவது மாடி ஃப்ளாட் கிடைத்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வரும்போது அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நெஞ்சழுத்தம் என்று சிலர் சொன்னார்கள்.

அந்த வருடம் வைகாசி நெருங்கியபோது வாலாஜாபாத்திலிருந்து மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அரிசி ஆலை வைத்திருந்தார். வீட்டுக்கு முன்னால் லாரி திரும்பும் அளவுக்கு இடம், உள்ளே எத்தனை அறை என்று அக்காவே யோசித்துத்தான் சொல்வாள். நல்ல மனிதர், ஆனால் நல்லது செய்வதைச் சத்தமாகச் செய்வார். இந்த வருஷத்திலிருந்து எல்லாரும் தன் வீட்டில்தான் தங்க வேண்டும், விடியற்காலையில் வேன் வைத்துக் கோயிலுக்கு அனுப்புவேன், சேவை முடிந்ததும் திரும்பி வந்து தன் வீட்டில்தான் சாப்பாடு என்று தீர்மானம் போட்டுவிட்டார். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. அந்தச் சின்ன வீட்டில் போய் அண்ணியைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று ஆளாளுக்கு இரக்கப்பட்டார்கள். இதை அண்ணியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதுகிறவன் ஆயிற்றே, இதமாகச் சொல்வான் என்று நம்பினார்கள்.

நான் போனபோது அண்ணி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை எல்லாம் சொன்னேன். உங்களுக்கும் வயசாகிறது, ஓய்வு வேண்டாமா, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். உரித்த காய் ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. நான் முடித்ததும், "அப்போ நானும் வேன்ல ஏறி வாலாஜாபாத்து போயி, அங்கேந்து காஞ்சிபுரத்துக்குச் சாமி பாக்க வரணுமா?" என்று கேட்டார். அப்படி இல்லை அண்ணி என்றேன். ஆனால் அப்படித்தான். வீடு போனதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். இந்த ஒரு நாளும் போய்விட்டால் இனி இந்தக் குடும்பத்தில் அவர், ஒரு தட்டும் பாயும் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய விருந்தாளி. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

வீடு சிறியதாக இருக்கிறதே, அதுதானே பிரச்சினை என்று சமாளித்தேன். அண்ணி கையிலிருந்த காயை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கம்மா வூட்டுல ரெண்டு தறிப்பா. பிள்ளையார்பாளையத்துல. கூடம்னா அது தறிக்கு. தறி போக மீதி இருந்த எடத்துலதான் நாங்க அத்தன பேரும் பொறந்து, சாப்ட்டு, தூங்கி, எங்கக்கா கண்ணாலமே அங்கதான் நடந்திச்சு. தறியில பாவு நூலு நீட்டிருக்கும், அதுக்கு அடியில பூந்துதான் சமைக்கப் போவணும். தலையில எண்ணெய் வெச்சிருந்தா அதுவும் கூடாது, நூலுல பட்டுடும். ஒங்க பெரிய வூட்ல அத்தினி வருஷம் இருந்தேன், எனக்கு எப்பவும் வழி தப்பிப் போன மாதிரிதான் இருக்கும். இப்போ இங்க பாரு. தறியே இல்ல. இவ்ளோ தரையும் சும்மா கெடக்குது. இதப் போயி சின்ன வூடுன்னு சொல்லிக்கினு திரியறீங்களே."

எங்கள் குடும்பம் தறியை விட்டு உத்தியோகத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பட்டு என்றால் பீரோவில் இருப்பது, கல்யாணத்துக்கு வெளியே வருவது என்பதே எங்கள் ஞானம். அண்ணனுக்குத் தறிக்காரர் வீட்டிலிருந்து பெண் எடுத்தோம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்த வீட்டில் எங்கே படுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இத்தனை வருடம் அவரைப் பெரிய வீட்டின் ராணியாக நினைத்து, இப்போது அரண்மனை இழந்தவராகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். அவரோ இடம் தாராளமாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அண்ணி போனை எடுத்தார். யாரிடமும் வருகிறீர்களா என்று கேட்கவில்லை. இட்லிக்கு அரைக்கணும், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு வர மாட்டோம் என்று பதில் சொல்லத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. மாமாவிடம் மட்டும் அவர் பேசவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டார். முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு, சாயங்காலம் வேனில் வாலாஜாபாத் போய்விடலாம் என்று எல்லாரும் தங்களுக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். அண்ணி மனமும் கோணாது, மாமா மனமும் கோணாது. எங்கள் குடும்பம் இப்படித்தான், யார் மனமும் கோணாமல் ஒருவரைக் கவிழ்க்கும்.

கருட சேவைக்கு முந்தின நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது வீட்டில் தரை மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் மேலே போயிருந்தது. கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கின. தலையணைகள் பழைய புடவையில் மூட்டையாகி ஒரு கொக்கியில், டிரங்குப் பெட்டி கயிறு கட்டி இன்னொரு கொக்கியில். வருகிறவர்கள் பையை வாசலிலேயே பிடுங்கி என் அண்ணன் கம்பால் மேலே ஏற்றினார். செருப்பு வேலையிலிருந்து அவருக்குப் பதவி உயர்வு. அவரவர் உடம்பைத் தவிர வேறு எதையும் தரையில் வைக்கக் கூடாது என்பது சட்டம். என் சீப்பு கூட என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. பெரியம்மா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். சாப்பாடு பந்தி பந்தியாக நடந்தது. கட்டடத்துச் செயலாளர் வந்து, வெளியாட்கள் மொட்டைமாடியில் படுக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். "மாடி எங்களுக்கு எதுக்கு சார்? உள்ளயே எடம் இருக்குது" என்றார் அண்ணி. அவர் எட்டிப் பார்த்தார். அப்புறம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

உண்மையில் இடம் இருந்தது. பால்கனிக் கதவோரம், சுவரை ஒட்டி, ஒரு ஆள் நீளத்துக்குத் தரை காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருக்க, அங்கே உருண்டுபோன குழந்தைகளை அண்ணி திரும்பத் திரும்ப விரட்டினார். யாருக்கு என்று கேட்டேன். காது கேட்காததுபோல் ரசத்தைக் கலக்கினார்.

சாயங்காலம் கீழே வேன் வந்து நின்று ஒலியெழுப்பியது. யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை. மறுபடி ஒலி. பெரியம்மா மெல்ல முந்தானையைச் சரிசெய்தாள். அக்கா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அண்ணி போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நடைக்குக் காப்பித் தண்ணீர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முட்டி வலியோடு மாமாவே மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இது இன்னாம்மா, வூடா, இல்ல பஸ்ஸு மேல லக்கேஜு கட்ற எடமா?"

"மேல லக்கேஜு, கீழ சனம். பஸ்ஸு அப்டித்தானேண்ணா போவுது?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். மாமா சிரிக்கவில்லை. எல்லாரும் கிளம்புங்கள், வண்டி நிற்கிறது என்றார். தன் வீட்டில் ஆளுக்கொரு அறை, காற்று, வெளிச்சம் என்று அடுக்கினார். எல்லாம் நிஜம்தான். இரண்டு பேர் பையை இறக்கித் தரும்படி அண்ணனிடம் கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அந்தக் கம்பு மேலே போயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்.

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பால்கனியோரம் காலியாகக் கிடந்த தரையைக் காட்டினார்.

"அது ஒங்களுக்குத்தாண்ணா. காத்தாலேந்து யாரையும் ஒக்கார வுடல. இன்னிக்கு மூணு மாடி ஏறிட்டீங்க. முட்டிய நீட்டிக்கினு சுவத்துல சாஞ்சுக்குங்க. எறங்கறத பத்தி அப்றம் பேசலாம்."

மாமா அந்த இடத்தைப் பார்த்தார். சுற்றிலும் மடங்கி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவருடைய பெரிய வீட்டில் எங்கு வேண்டுமானாலும் அவர் உட்காரலாம். அவருக்கென்று யாரும் நாள் முழுக்க ஒரு இடத்தைக் காவல் காத்திருக்க மாட்டார்கள், தேவையே இல்லை. பெருமூச்சோடு கால்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்துபோய் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். அண்ணி அதை வாங்கி மேலே மாட்டினார். வேன் ஓட்டி வந்தவரையும் மேலே கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். அடுத்த நாள் சேவை பார்த்துவிட்டு வரும்போது, அடுத்த வருஷமாவது எல்லாரும் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று மாமா மறுபடி ஆரம்பித்தார். "தீபாவளிக்கு வர்றோம்ணா. அத நீங்க வெச்சுக்குங்க" என்றார் அண்ணி. தீபாவளி அன்றிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போனது.

மாமா இப்போது இல்லை. அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு வைகாசியிலும் சாமான்கள் மேலே போகின்றன, சனங்கள் கீழே வருகிறார்கள். நான் சென்னைக்குப் போய் மூன்று படுக்கையறை வாங்கியவன். ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். ஒன்றில் நடைப்பயிற்சி இயந்திரம் நிற்கிறது, அதன்மேல் துணி காய்கிறது. மூன்றாவதற்கு விருந்தினர் அறை என்று பெயர். அதில் அட்டைப்பெட்டிகள் குடியிருப்பதால், விருந்தினர் வந்தால் நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சொல்கிறோம்.

இந்த வருடம் முதுகுவலி. தரையில் படுக்க முடியாது, ஓட்டலில் ஏசி அறை எடுத்துவிட்டேன், சாப்பிட மட்டும் வருகிறேன் என்று முன்கூட்டியே அண்ணிக்குச் சொல்லிவிட்டேன். "சரிப்பா. பாத்து இரு" என்றார். சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். போனேன், சாப்பிட்டேன், கிளம்ப எழுந்தேன். கூடம் கொள்ளாத கூட்டம். பால்கனியோரம் அந்த ஒரு ஆள் தரை மட்டும் காலி. மாமா நினைவாக விட்டு வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் நெகிழ்ந்து, தணிந்த குரலில் கேட்டேன்.

"அவரு நெனப்புக்கு எதுக்குப்பா எடம்?" என்றார் அண்ணி. "வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் வர மாட்டேன்னு சொல்லுவான் இல்ல. அது அவனுக்கு."

நான் சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.